அனகாபுத்தூரில் பன்னெண்டு லைஃப் ஜாக்கெட்

வேலை ரொம்ப சிம்பிள். அனகாபுத்தூர் டெய்லர்கிட்ட பட்டை தைக்கக் குடுத்த பன்னெண்டு லைஃப் ஜாக்கெட்டை வாங்கிட்டு, மூணு மணிக்குள்ள தாம்பரத்துல எங்க காலேஜுக்குக் கொண்டு வரணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். நான் பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம். கடலோரக் காவலுக்கு ஒத்தாசையா காலேஜ் பசங்களை வெச்சு ஒரு தொண்டர் அணி இருந்தது. அதுல நானும் ஒரு வீரன்!

ஞாயித்துக்கிழமையானா கோவளத்துல டிரெயினிங். கயிறு எறியறது, முடிச்சு போடறது, முழுகறவனை இழுக்கறது, எல்லாம் மணல்லயேதான். முழுகறவனா நடிக்கறவனுக்கு வாய் பூரா மண்ணு. ஒரு வருஷமாச்சு, கடல் எங்க முழங்காலைத் தாண்டல.

அந்த வாரம் எங்க தனராஜ் சார் ஒரு சேதி சொன்னார். நேவியில இருந்து ரிட்டையர் ஆனவர், எங்களுக்கு வாத்தியார்.

"வர்ற ஞாயிறு ரோந்துக் கப்பல்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. நீயும் சேவியரும் போகலாம். ஆனா வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆபீசர் இன்ஸ்பெக்ஷன். பன்னெண்டு ஜாக்கெட்டும் மேஜை மேல இருக்கணும். இல்லன்னா வேற ரெண்டு பேர்."

கப்பல்! நான் சும்மா இருப்பேனா? ராஜகீழ்ப்பாக்கத்துல எங்க தெருவுல ஒரு வீடு விடாம சொல்லிட்டேன். இஸ்திரி போடறவர்கிட்டகூட, "யூனிஃபார்ம் மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும் அண்ணா, நடுக்கடல்ல நிக்கப் போறேன்"னு சொல்லியாச்சு.

வெள்ளிக்கிழமை வந்தது. மூணு நாளா விடாத மழை, அன்னைக்கு தூறலா இறங்கியிருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்காக யூனிஃபார்ம், விசில், டிரெயினிங் கயிறு எல்லாத்தோடயும் ஒரு மணிக்கு டெய்லர் கடையில நானும் சேவியரும் ஆஜர். ஜாக்கெட் ரெடி.

"அண்ணா, ஒரு சாக்கு இருக்குமா?"

"தைக்கத்தான்பா கடை வெச்சிகினு கீறேன். சாக்கு விக்கல"ன்னுட்டார்.

சரின்னு ஆளுக்கு ஆறு ஜாக்கெட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு பஸ்ல ஏறினோம். ஏறினோம்னு சொல்றது தப்பு. படியில ஒரு கால் வெச்சோம்.

"யோவ், இன்னாது இது, மெத்தையா?" கண்டக்டர் கத்தினார்.

"லைஃப் ஜாக்கெட் சார். உயிர் காக்கறது."

"ஏற்கெனவே மூச்சு விட எடமில்ல, உயிர் காக்க வந்துட்டாரு! ஒடம்புல மாட்டிகினு வந்தா ஏறு. கையில வெச்சிகினு வந்தா எறங்கு."

விசில். பஸ் போயிடுச்சு.

சேவியர் யோசிச்சான். அவன் யோசிச்சாலே எங்கயாவது கொண்டு போய் மாட்டி விட்டுடுவான்.

"மச்சான், ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்குவோம். மீதியைக் கயித்துல கோத்துத் தோள்ல போட்டுக்கலாம். ஆத்தோரத் தெரு வழியா குறுக்கால போனா அடுத்த ஸ்டாப்ல பல்லாவரம் பஸ் காலியா கிடைக்கும், அங்க தாம்பரம் பஸ் மாறிக்கலாம்."

நல்ல ஐடியான்னு தோணிச்சு. என்னைச் செருப்பாலயே அடிக்கணும்.

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மூணு நாள் மழை. அடையாறு ஆத்தோரம். வருஷா வருஷம் செம்பரம்பாக்கம் ஏரியைத் தொறந்தா தண்ணி ஏறி இறங்கற தெரு. அதுக்குள்ள காக்கி யூனிஃபார்ம்ல, ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி, கழுத்துல விசில் தொங்க, தோள்ல கயிறோட ரெண்டு பேர் வேகு வேகுன்னு நடந்து வர்றோம்.

தெரு பூரா தறிச் சத்தம். நாங்க தாண்டத் தாண்ட ஒவ்வொரு வீட்டுலயும் சத்தம் நின்னுது. நமக்கு மரியாதை குடுக்கறாங்க போலன்னு நான் மார்பை இன்னும் கொஞ்சம் நிமித்தினேன்.

லுங்கி கட்டின ஒருத்தர் தறியை விட்டு ஓடி வந்தார்.

"இன்னா தம்பி, செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்துட்டானுங்களா?"

'இல்லீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பொதுஜனத்தைப் பாத்தா என்ன பண்ணணும்னு டிரெயினிங்ல முதல் பாடமே இருக்கு. ஒரு வருஷமா கோவளம் மணலைப் பாத்துச் சொன்ன வசனம். இப்பதான் நிஜ ஜனம் கிடைச்சிருக்கு, விடுவேனா?

வலது கையைத் தூக்கினேன். "யாரும் பதற்றப்பட வேண்டாம்! குழந்தைகளும் பெண்களும் முதலில்!"

தெரு பூரா ஒரே அலறல்.

"அடியே, தண்ணி வருதாண்டி! புள்ளைங்களைத் தூக்கு!"

"டிவியைப் பரண்ல ஏத்துடா!"

"நூலு! மொதல்ல நூலை எடு!"

ஒருத்தர் ஆட்டை மாடிக்கு இழுக்கறார், ஆடு வரமாட்டேங்குது. இன்னொருத்தர் கிரைண்டரைக் கட்டிப் புடிச்சு நிக்கறார், அதுவும் வரமாட்டேங்குது.

அமைதிப்படுத்தலாம்னு விசில் அடிச்சேன். அதுவரைக்கும் வெளியே வராத வீட்டுக்காரங்களும் வந்துட்டாங்க!

கஸ்தூரின்னு ஒரு அக்கா, இடுப்புல குழந்தையோட, என் தோள்ல இருந்த கயித்தைப் புடிச்சாங்க. "தம்பி, நல்லா இருப்பே. எம்புள்ளைக்கு ஒண்ணு குடுப்பா."

"அக்கா, இது இன்ஸ்பெக்ஷனுக்கு..."

"எம்புள்ளையை விட இன்ஸ்பெக்ஷன் பெருசாபா?"

ஒண்ணு குடுத்தேன். அவ்வளவுதான், அஞ்சு நிமிஷத்துல என் தோள்லயும் சேவியர் தோள்லயும் கயிறு மட்டும்தான் மிச்சம். நான் போட்டிருந்ததையும் யாரோ பின்னாலயே அவுத்துட்டாங்க. டெய்லர் பட்டையை என்னமா தைச்சிருந்தார்! எத்தனை இழுப்பு, ஒண்ணுகூட பிரியல.

திரும்பிப் பாத்தா சேவியர் ஒரு மாடிப்படியில பாதி ஏறி நிக்கறான்.

"டேய், நீ எங்கடா போற?"

"மச்சான், ஒருவேளை நிஜமாவே தொறந்துட்டாங்களோ?"

மணி ரெண்டரை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நடுத்தெருவுல நின்னு அடித்தொண்டையில கத்தினேன். "ஏரி தொறக்கலைங்க! தண்ணி வரலைங்க! ஜாக்கெட்டைக் குடுங்க!"

மாடியில இருந்து லுங்கிக்காரர் எட்டிப் பாத்தார். அவர் மேலயும் ஆரஞ்சு. "பின்ன எதுக்குபா நீ மாட்டிகினு வந்தே?"

"பஸ்ல கையில வெச்சு ஏறக் கூடாதுன்னாங்க."

அவர் பக்கத்துல நின்னவர்கிட்ட திரும்பினார். "பாத்தியா, பொய் சொல்றான். நம்மளைக் கீழ எறக்கிட்டு ஜாக்கெட்டை வேற தெருவுக்குக் குடுக்கப் பாக்கறான்."

மூணு மணி. மூணேகால். மூணரைக்கு ஒரு ஜீப் தெருவுக்குள்ள நுழைஞ்சுது. யாரோ எங்க சட்டையில காலேஜ் பேரைப் பாத்துட்டு நகராட்சி ஆபீசுக்கு ஓடியிருக்காங்க. அவங்க காலேஜுக்கு போன் போட்டு, "வெள்ளம்னு உங்க பசங்க சொல்றாங்களாமே, எங்களுக்கே தெரியாதே"ன்னு கேட்டிருக்காங்க. ஜீப்ல இருந்து இறங்கினது தனராஜ் சாரும், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசரும்.

"ஆபீசரே வந்துட்டாருடோய்!" அதுவரை கீழ நின்ன நாலு பேரும் மாடிக்கு ஓடினாங்க.

சார் என்னைப் பாத்தார். "ஜாக்கெட் எங்கடா?"

"பன்னெண்டும் பத்திரமா இருக்கு சார்."

"எங்க?"

மேல கையைக் காட்டினேன். மாடிக்கு மாடி ஆரஞ்சு. கஸ்தூரி அக்கா புள்ளை ஜாக்கெட்டுக்குள்ள முழுசா மறைஞ்சு, தலை மட்டும் தெரிஞ்சுது.

ஆபீசர் ஒவ்வொரு மாடியா விரல் விட்டு எண்ணினார். அப்புறம், "பட்டையெல்லாம் நல்லாக் கட்டியிருக்காங்க"ன்னார். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுது.

ஏரி தொறக்கலன்னு அவர் சொன்னதையும் யாரும் நம்பல. நகராட்சிக்காரர் வந்து மைக்ல சொன்னப்புறம்தான் ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. இறங்கினவங்க எங்களைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது. கஸ்தூரி அக்கா மட்டும் ஜாக்கெட்டை மடிச்சுக் கையில குடுத்துட்டு, "போப்பா, தண்ணி வரலையே, அது போதும்"னாங்க. அதுக்குத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை வேற ரெண்டு பேர் கப்பல்ல போனாங்க. எங்களை சார் திருப்பி அனகாபுத்தூருக்கு அனுப்பினார். பரண்ல ஏத்தின டிவி, நூல் மூட்டை, கிரைண்டர் எல்லாத்தையும் வீடு வீடா இறக்கி வைக்கணும். கிரைண்டரை எப்படித்தான் ஏத்தினாங்களோ!

சாயங்காலம் முதுகைப் புடிச்சுக்கிட்டு எங்க தெருவுல நுழைஞ்சேன். இஸ்திரிக்காரர் கசங்கின யூனிஃபார்மைப் பாத்துட்டு, "என்ன தம்பி, கடல்ல அலை ஜாஸ்தியா?"ன்னார்.

"ஆமாண்ணா, பதினாலு வீடு"ன்னேன்.