பிரிக்பீல்ட்ஸில் நான் போட்ட சூட்டுத் தரை

கோலாலம்பூரில் வீட்டுத் தரையைச் சூடேற்ற வேண்டும் என்று எவனுக்காவது தோன்றினால், அவனை முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எனக்குத் தோன்றியபோது ஜப்பான்காரன் காலம். வைத்தியரும் கிடைக்கவில்லை, மருந்தும் கிடைக்கவில்லை. அதனால் தோன்றியதைச் செய்தே விட்டேன்.

அப்போது ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை எனக்கு. (ஃபிட்டருக்குக் கையாள் என்பதுதான் சரி. பெண் பார்க்கப் போன வழியில் அந்தக் 'கையாள்' எங்கோ தவறி விழுந்துவிட்டது.) பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீடு, ஓர் அறை, ஓர் அடுப்படி. மனைவி பாக்கியத்துக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள் கிள்ளானில் தாய்வீட்டில் இருந்திருக்க வேண்டும். போக வண்டி கிடைக்காததால் பெண்குழந்தை இங்கேயே பிறந்தது. பிறகு எப்படியோ லோரி பிடித்து, ஒரு துணி மூட்டையோடு என் மாமியார் வந்து சேர்ந்தார்.

அத்தைக்கு எங்கள் வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை, தரை சுத்தமாகப் பிடிக்கவில்லை. விடாத மழையில் சிமெண்டுத் தரை ஓதம் ஏறிக் கிடந்தது. கட்டிலை விற்றுச் சாப்பிட்டாயிற்று. கம்பளிக்கு எங்கே போவது, கட்டிக்கொள்ளும் துணிக்கே ஊரில் பஞ்சம்.

"பச்ச உடம்புக்காரிய இந்த ஈரத்துல போட்டு வைக்க மாட்டேன், மாப்பிள்ள. அடுத்த வாரம் கிள்ளானுக்கு லோரி போகுது. தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார்.

ரோட்டில் போகிற ஆண்களைப் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தாயும் பிள்ளையும் கிள்ளானுக்குப் போய்விட்டால் நான் எப்போது போய்ப் பார்ப்பேன், பார்ப்பேனா என்பதே சந்தேகம். மகளின் முகத்தை நான் இன்னும் ஆசை தீரப் பார்க்கவில்லை. அனுப்ப மனமே வரவில்லை. தரையைச் சூடாக்கிவிட்டால் இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செய்யுங்கள் பார்ப்போம் என்றார்.

நான் சும்மா அளக்கவில்லை. பட்டறையில் ஒரு ஜப்பானியப் பொறியாளர் இருந்தார், சாதுவான மனிதர், முன்பு கொரியாவில் வேலை பார்த்தவர். ஒரு மதியம் சுண்ணக்கட்டியால் தரையில் படம் போட்டு, அரைகுறை மலாயில் அங்குள்ள வீடுகளைப் பற்றி எனக்கு விளக்கியிருந்தார். அடுப்படியில் மூட்டும் நெருப்பின் சூடும் புகையும் தரைக்கு அடியில் ஒரு வாய்க்கால் வழியாக ஓடி, எதிர்ச்சுவருக்கு வெளியே குழாயில் போய்விடுமாம். மேலே படுத்தால் சுகமாம். அங்கே பனி கொட்டுவதையும் கையை ஆட்டி நடித்துக் காட்டினார். அந்த இடத்தை மட்டும் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

வீட்டுக்காரர் சண்டை தொடங்கியதுமே ஊரை விட்டுப் போயிருந்தார், தரையைப் பெயர்த்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பெயர்த்தேன். அடுப்படியிலிருந்து பின்சுவர் வரை வாய்க்கால் தோண்டி, ஓரங்களில் செங்கல் வைத்து, செங்கலுக்குப் பின்னால் மணல் நிரப்பி, பெயர்த்த சிமெண்டுப் பாளங்களையே மேலே போட்டு மூடினேன். அதோடு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேலை அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஒன்றை ஆரம்பித்தால் முடிக்க வேறு ஆள்தான் வர வேண்டும் என்று அத்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. பொய்யில்லை. நான் கட்டிய கோழிக்கூட்டுக்குக் கூரை போடாமல் கோழிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. பட்டறையில் கழித்துப் போட்ட குழாய் ஒன்றைத் தூக்கி வந்து புகைபோக்கியாக நட்டேன்.

மறுநாள் காலை அத்தை மரவள்ளிக்கிழங்கு வாங்க பாசாருக்குப் போனதும் நெருப்பு மூட்டினேன். குழாயைத் தவிர எல்லாப் பொந்திலிருந்தும் புகை வந்தது. களிமண்ணைக் குழைத்து அடைத்தேன். சிறிது நேரத்தில், பாயில் பிள்ளையோடு படுத்திருந்த பாக்கியம் தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, நெசமாவே சுடுதுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்த்திராத மரியாதை அது. தலைகால் புரியவில்லை. இருந்த ரப்பர் விறகையெல்லாம் உள்ளே தள்ளினேன்.

முதலில் 'பட்' என்றது. அப்புறம் படபடவென்று. பிறகு 'டமார்' என்று ஒரு சத்தம், அடுப்படியை ஒட்டிய பாளம் துள்ளி விழுந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பச்சை உடம்புக்காரி எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

தெருமுனைக் காவலில் நின்ற இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து ஓடி வந்துவிட்டார்கள். இடுப்புவலியோடு குனிந்து வணங்கினேன். வணங்கியும் கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது. பாளத்தைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். தூக்கினேன். மணலுக்குள் ஒரு பிஸ்கட் டின். மூடி பறந்துபோய், டின் நிறைந்து வழிந்து, வெள்ளை வெளேரென்று நெல்பொரி.

அத்தையின் மூட்டையில் என்ன வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஒளித்து வைக்க இடம் தேடியவருக்கு, நான் தோண்டிப் பாதியில் விட்டிருந்த குழி வசதியாகப் போய்விட்டது. பதுக்கல் நெல் அகப்பட்டால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுபோன எல்லோரும் திரும்பி வந்ததில்லை. பிள்ளையை பாக்கியத்திடம் கொடுத்தேன், கடைசித் தடவையாக என்றே நினைத்தேன்.

அந்த நேரத்தில் அத்தை கிழங்கோடு வந்து நின்றார். டின்னைப் பார்த்தார், சிப்பாய்களைப் பார்த்தார். கிழங்கைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் குனிந்து வணங்கினார். அவருக்குத் தெரிந்த பாசார் மலாயில், இது சாப்பிடும் அரிசி இல்லை தூவான், ஐயா, இது மருந்து, பிள்ளை பெற்றவளுக்கு அடியில் நெருப்புப் போட்டு நெல்லைப் பொரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம் என்றார். நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

மூத்த சிப்பாய் அடுப்பைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், வேர்வையில் குளித்து நின்ற என்னைப் பார்த்தான். இந்த வெக்கையில் வழக்கம் என்று ஒன்று இல்லாமல் எவன் தரைக்கு நெருப்பு வைப்பான்? நம்பிவிட்டான். ஒரு பிடி பொரியை அள்ளி மென்று பார்த்தான். பிறகு தொப்பி நிறைய வாரிக்கொண்டு, மறுபடியும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாசல் கதவைச் சாத்தியதும் நான் அத்தையைப் பார்த்தேன்.

"நீங்க முடிப்பீங்கன்னு யாரு மாப்பிள்ள நெனச்சா?" என்றார் அவர்.

கிள்ளான் லோரி எங்கள் ஆட்கள் இல்லாமலே போனது. பிள்ளை பெற்றவள் அறையில் இல்லாவிட்டால் வழக்கம் பொய்யாகிவிடுமே. ஆசைப்பட்டபடி மனைவியும் மகளும் என்னோடு இருந்தார்கள். மழைதான் அந்த வாரமே நின்றுவிட்டது. சிப்பாய் எட்டிப் பார்க்கும் நேரத்துக்குத் தினமும் நான் நெருப்பு மூட்ட, அத்தை மிச்ச நெல்லில் அவனுக்கு ஒரு பிடி பொரித்துக் கொடுக்க, விசிறியும் கையுமாக பாக்கியம் வெந்துகொண்டிருந்தாள். கிள்ளானுக்கே போய்த் தொலைந்திருக்கலாம் என்று அவள் சொல்லாத நாளில்லை. சிப்பாயை வேறு ஊருக்கு மாற்றிய அன்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அத்தையின் புளுகைப் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று கேட்டிருக்கிறார். அடுத்த பிரசவத்துக்கு அவர் வீட்டில் பாய்க்கு அடியில் பொரி வைத்தார்கள். பிறகு அந்த வரிசை முழுக்க வைத்தார்கள். உண்மை தெரிந்த எங்கள் வீட்டிலேயே அடுத்த பிள்ளைக்கு அத்தை வைத்தார், எதற்கு வம்பு என்று.

போன மாதம் எங்கள் பேத்திக்குப் பிரசவம். கிள்ளானில் ஏர்கோன் போட்ட ஆஸ்பத்திரி. அன்று என் கையில் இருந்த மகள்தான் இப்போது பேத்தியின் அம்மா. கட்டிலுக்கு அடியில் நெல்பொரிப் பொட்டலத்தைப் பயபக்தியோடு வைத்தாள். எறும்பு வருகிறதே, இது என்ன என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆயிரம் வருஷத்து வழக்கம் லா, சிஸ்டர். எடுக்கக் கூடாது" என்றார் என் மருமகன்.

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, பாட்டி அழுகிறார் என்று நர்ஸ் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான் குனிந்து, பொட்டலத்தை எறும்பு ஏறாத பக்கமாக நகர்த்தி வைத்தேன்.