நாற்பத்தொரு வீதத்தில் ஒரு கலியாணம்

தேவாலயத்தில் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்த கலியாணம், சரீப்பின் கணினியில் மூன்று நாளாக நூற்றுக்கு நாற்பத்தொரு வீதத்தில் நின்றது. வீடியோ எவ்வளவு தயாராகிவிட்டது என்று காட்டும் நீலக்கோடு திரையில் அசையவில்லை. மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்.

முல்லைத்தீவுச் சந்தைக்குப் பக்கத்தில் சரீப் வீடியோக் கடை போட்டுப் பதினொரு வருடம். எதிரே மெல்ரொன் கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சரீப் அவனைப் பற்றி யாரிடமும் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் கடை திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் திறப்பார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மணப்பெண்ணின் தாய் மரியமலர் ஒரு பை இறாலோடு வந்தார். மகள் டக்சாயினியும் மருமகனும் வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போகிறார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் சொந்தபந்தம் எல்லோரையும் இருத்தி வீடியோ காட்டுவதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"உங்களை நம்பித்தான் சொன்னனான் தம்பி. பிந்தினால் சின்னவளின்ரை கலியாணத்தை மெல்ரொனிட்டைக் குடுக்கச் சொல்லி இவர் ஒற்றைக்காலிலை நிக்கிறார்."

"புதன்கிழமை தாறன் அக்கா," என்று சொல்லிச் சரீப் இறாலை வாங்கிக்கொண்டார்.

கணினிக்குச் சூடு பிடித்துவிட்டது என்பது அவருடைய முதல் முடிவு. மூடியைக் கழற்றி, வீட்டுக் குசினியிலிருந்த மேசைக் காற்றாடியைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார். மனைவி சபூறா வியர்த்து வழிய இறால் பொரித்தார். காற்றாடி தெருப்புழுதியை எல்லாம் வாரி உள்ளே இறைத்தது. கணினி இருமத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை அவருக்குப் பழைய வைத்தியம் ஒன்று ஞாபகம் வந்தது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் கணினி சுணங்கினால், உள்ளே சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கிவைக்க ஒரு மென்பொருளை ஓடவிடுவார்கள். சரீப்பும் ஓடவிட்டார். அது பகல் முழுக்க அடுக்கியது. பின்னேரம், ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வரலாம் என்ற நிலைமை வந்தது.

கடைசியில் வவுனியாவில் கணினிச் சாமான் விற்கும் அஸ்வருக்குத் தொலைபேசி எடுத்தார். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அஸ்வர் கேட்டார். இரண்டு வீதம் என்றார் சரீப். சரீப்பை அண்ணன் முறையில் நானா என்றுதான் அஸ்வர் கூப்பிடுவார்.

"நானா, அது ஹார்ட் டிஸ்க் இல்லை, சுழலுற தட்டு இல்லாத புதுவகை எஸ்.எஸ்.டி. அடுக்கி வைக்க வைக்கத் தேய்ஞ்சுதான் போகும். புதுசா எழுத அதுக்கு வெறும் இடம் வேணும். இல்லாட்டில் பழசைத் தூக்கி அங்கை இங்கை வைச்சு, அழிச்சுப்போட்டுத்தான் எழுதும். அதுதான் சுணக்கம். அஞ்சிலை ஒரு பங்கையாவது வெறுமையாக்குங்கோ. அழிச்ச உடனை மெஷினை நிப்பாட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கோ, தானாத் துப்பரவாக்கும்."

சரீப் அழிக்க உட்கார்ந்தார். கை போகவில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரு துணிப்பையோடு புத்தளம் போன குடும்பம் அவருடையது. வாப்பாவும் உம்மாவும் கலியாணம் கட்டிய படம் வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளைக் கோலத்தில் வாப்பா எப்படி இருந்தார் என்று சரீப்புக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கவலை அவருக்கு ஆறவே இல்லை. அதனால் ஊரில் எவருடைய கலியாணத்தையும் அவர் அழிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி வைப்பார். மூன்றையும் அதே டிஸ்க்கில்தான் வைப்பார்.

அழிப்பதற்கு முன் பாதுகாப்புக்காக நாலாவது பிரதி ஒன்று எடுத்தார். மிச்சமிருந்த இரண்டு வீதமும் போனது.

"பழசுக்கு வயசு போட்டுது, புதுசு ஒண்டு அனுப்புங்கோ," என்று அஸ்வருக்கு மறுபடி சொன்னார். புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதே அளவுதான். பழையதில் இருந்த அத்தனையையும், நாலாவது பிரதி உட்பட ஒன்றுகூட விடாமல், புதியதற்கு மாற்றினார்.

பழையதைக் குப்பையில் போடச் சொன்னார் சபூறா. சரீப் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை கண்ணில் பட்டது. தன் வேலையில் ஒரு படமும் அவன் கையில் சிக்கக்கூடாதென்று, பழையதைக் கடைசிப் புள்ளிவரை சுத்தமாக அழித்தார். அந்தக் கடை திறந்த பிறகு முதல் தடவையாகத் தெருவைக் கடந்தார்.

"தம்பி, இது என்னட்டைச் சும்மா கிடக்குது. பாவியுங்கோ."

மெல்ரொன் நெகிழ்ந்துபோய் இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு கிழமையில் அவன் கணினி நத்தையாகிவிடும் என்று சரீப் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

கலியாணத்தை மறுபடி தொடங்கினார். நீலக்கோடு நாற்பத்திரண்டுக்குப் போனது. அங்கே குந்தியது.

புதன்கிழமை பின்னேரம் மரியமலர் கருவாட்டோடு வந்தார். வியாழன் காலை வெறுங்கையோடு வந்தார். கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தார். போகும்போது எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தார்.

"மானத்தைப் பாத்தா அந்தப் பிள்ளை வீடியோ இல்லாமல்தான் போகும். எழும்பி அங்கை போங்கோ," என்றார் சபூறா.

வாசிப்பதற்கு டிஸ்க் அவ்வளவாக மறுக்கவில்லை, எழுதத்தான் மறுத்தது. சரீப் கலியாணத்தை ஒரு சின்ன டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி தெருவைக் கடந்தார். மெல்ரொன் கதிரையை இழுத்துப் போட்டான், வேலையை ஓடவிட்டான், தேத்தண்ணி ஊற்றினான். அவனுடைய கணினி சரீப்பினுடையதைவிடப் பழையது. நீலக்கோடோ நாற்பத்தொன்றைத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

சரீப் பள்ளிவாசலுக்குப் போய் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது கலியாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டான். மெல்ரொனின் கடை வாசலில் வந்து நின்ற மரியமலர் வீடியோவை வாங்கிக்கொண்டார். சின்னவளின் கலியாணத்தையும் நீங்களே எடுங்கோ என்று சரீப்பிடம் சொல்லிப் போனார்.

சரீப்புக்குக் கண் கலங்கியது. மெல்ரொனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெக்கத்தை விட்டுக் கேக்கிறன். உள்ளுக்கை என்ன டிஸ்க் போட்டிருக்கிறீங்கள்? எங்கை வாங்கினனீங்கள்?"

மெல்ரொன் அவரை வியப்போடு பார்த்தான்.

"நேற்று நீங்கள் முழுக்க அழிச்சு வெறுமையாத் தந்ததுதான் நானா."