கொற்கையில் நான் போட்ட தெருக்கள்

வரலாற்று ஆசிரியர்களைக் கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் உட்காரவைக்கக் கூடாது. காபி ஆறுவதற்குள் பாண்டியர்களைக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் அப்படித்தான் என் மகள் செல்வியின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தது, முடிவை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா டெல்லியைப் பேட்டை பேட்டையாகச் சுற்றியவர். "ஒரு தெரு முழுக்க வெள்ளி, அடுத்த தெரு முழுக்க மசாலா. தலைநகர்னா அதுதான் சார்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கும் தலைநகர் இருக்கு. கொற்கை. நாளைக்கே தெருத்தெருவாக் காட்டுதேன்."

செல்வி என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள். "எப்பா, அங்கன வயலும் வாழையும்தான இருக்கு?"

"பாக்கதுக்குக் கண்ணு வேணும்ளா" என்றேன். (கண் இருந்தது. மூளைதான் இல்லை.)

மறுநாள் எல்லோரும் வேனில் போனோம். குளத்தையும் பழைய வன்னிமரத்தையும் பார்த்ததும் தலைநகர் தீர்ந்துவிட்டது. பதற்றத்தில் நான் வரப்பில் ஏறிக் குடையை நீட்டினேன். "இங்கன முத்து வணிகர் தெரு. அங்கன குதிரை வியாபாரிகள். அந்த மோட்டார் ரூம் இருக்கே, அதுதான் காசு அடிச்ச இடம்." (ஆதாரம் எதற்கும் கிடையாது.) மாப்பிள்ளையின் அம்மா முத்து வணிகர் தெருவில் முழங்கால்வரை இறங்கிவிட்டார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

மண்வெட்டியோடு வயல்காரர் வந்தார். "யாரு அண்ணாச்சி, எங்க வயல்ல தெரு போடுதது?"

"இது பழைய தெரு..."

"போன மாசம் ஒருத்தன் பிளாட்டு போடணும்னு கல்லு ஊணிட்டுப் போனான். நீங்க பேரே வச்சாச்சா? ஏலே, எல்லாரையும் கூப்பிடு! புரோக்கர் சிக்கிட்டான்!"

கூட்டம் கூடியது. வேன் சாவி வயல்காரர் கைக்குப் போனது. "அப்போ பிளாட்டு வாங்க வந்தது இவங்களா?" என்று ஒருவர் கேட்க, மாப்பிள்ளையின் அப்பா அவசரமாக என்னைக் காட்டி, "இவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்.

என் மகளின் கல்யாணம் வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் விழுந்ததைக் கண்ணால் கண்டேன். அப்போதும் என் வாய், "சங்க காலத்தில்..." என்று முனகிக்கொண்டிருந்தது.

செல்விதான் வயல்காரர் முன்னால் வந்து நின்றாள். "மாமா, இவரு எங்கப்பா. காலேஜ் வாத்தியாரு. இல்லாத ஊரக் காட்டுததுதான் அவருக்கு வேல. இவரு பிளாட்டு வித்தா எவன் நம்பி வாங்குவான், நீங்களே சொல்லுங்க."

வயல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகள் சொல்வது உண்மை என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார். அவருக்கு முன்பே மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அப்பா, நான் இவங்களத்தான் கட்டிக்கப் போறேன்" என்று அங்கேயே சொல்லியும்விட்டார். அவருடைய அப்பா மறுக்கவில்லை. (மறுக்க அது நேரமில்லை. சாவி இன்னும் வயல்காரர் கையில் இருந்தது.) நான் மிதித்த நாற்றுக்காக வயல்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு சம்பந்தி சென்னையில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும் என் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போனார். "இது ஹால் சம்பந்தி. இது பூஜை ரூம். தட்டிப் பாருங்க, சுவர் இருக்கு."

இன்றுவரை அங்கே போனால் முதலில் சுவரைத் தட்டிக் காட்டச் சொல்கிறார்கள். தட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் காபி.