ரீடேக் சாரின் குடவோலை

உத்திரமேரூர் வட்டாரத்தில் ரீடேக் சார் அளவுக்கு அரசர்களைச் சாகடித்தவர் யாரும் கிடையாது. அந்த அரசர்களில் ஏழு பேர் நான்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமூக அறிவியல், நான் கணக்கு. புத்தகத்தைத் திறந்தால் தூங்கும் ஒன்பதாம் வகுப்பு போனைக் கண்டால் விழித்துக்கொள்கிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எல்லாப் பாடமும் வீடியோதான். பிள்ளைகளே கதை எழுதி, நடித்து, குரல் கொடுத்து, வெட்டி ஒட்டவேண்டும். தொப்பை இருந்ததால் அரசர் வேடம் மட்டும் எனக்கு. கேமரா நன்றாக இருந்ததால் போனும் என்னுடையது.

ஒரே தடவையில் எதுவும் அவருக்குத் திருப்தியாகாது. நான் குத்துப்பட்டு மண்ணில் விழுந்து கிடப்பேன். “நல்லாத்தான் கீது சார். ஆனா செத்தப்புறம் வேட்டிய சரி பண்ணிக்கினீங்க. ரீடேக்,” என்பார். தலைமையாசிரியை காலை வணக்கம் சொன்னதற்கே ஒருமுறை ரீடேக் கேட்டார். எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன், பிள்ளைகள் படித்தார்கள்.

அப்புறம் குடவோலைப் பாடம் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் சுவரிலேயே கல்வெட்டாக இருக்கிற பாடம். அதில் அரசர் சாகவேண்டியதில்லை என்றதும் எனக்கு நிம்மதி. ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது அந்தக் காலத் தேர்தல். இது நடிப்பில்லை, வருகிற பெயர்தான் நிஜமாகவே வகுப்புத் தலைவர் என்று சார் அறிவித்துவிட்டார். தினேஷ் என்பவன் தான்தான் என்று முடிவு செய்து நன்றியுரையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தான்.

என் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பனையோலையில் பால்பாயின்ட் பேனாவால் பெயர்களை எழுதினார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தை கையை விட்டு எடுத்த ஓலையில் பூங்கொடி என்று இருந்தது.

பூங்கொடி ஒன்றரை மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. ஊர்க்கோடிக் குடியிருப்பிலிருந்து அப்பா அம்மாவோடு வெளியூருக்குச் சவுக்கு மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டாள். படிப்பை நிறுத்தியவர்கள் பட்டியலில் அவள் பெயரை வகுப்பாசிரியனான நானே எழுதியிருந்தேன். தலைமையாசிரியையின் கையெழுத்துதான் பாக்கி.

வகுப்பு சிரித்தது. தினேஷ் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நன்றியுரையைத் தொடங்கினான். தேர்தலைப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியை ஓலையை உள்ளே போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ரீடேக் என்றேன்.

“ஓலை வந்துட்சி மேடம். இதுக்கு ரீடேக் கெடியாது,” என்றார் ரீடேக் சார்.

பூங்கொடி உட்காரும் காலி இடத்தைப் படம் பிடித்தார். வகுப்பே அதைப் பார்த்து “வணக்கம் தலைவரே” என்றது. அவள் அப்பாவிடம் இருந்தது பட்டன் போன் என்பதால், வீடியோவை வேலையிடத்து மேஸ்திரிக்கு என் போனிலிருந்து அனுப்பினார்.

மறுநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். “இன்னா சார், எங்க பூங்கொடி தலைவராமே? எல்லாரும் இதையே பாத்துக்கினு கீறாங்க, வேல நடக்கல, ஒரே பேஜாரா கீது. திங்கக்கெழம அவ அப்பாவே இட்டாந்து அங்க ஊர்ல அத்தை வூட்ல வுடறாராம்.”

திங்கட்கிழமை காலை ரீடேக் சார் என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றார். பூங்கொடி வந்தாள். வந்ததும் தினேஷை வரிசையில் ஒழுங்காக நிற்கச் சொன்னாள். நின்றான்.

பிறகு ஆசிரியர் அறையில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வெயிலில் திரை தெரியாமல், கேமரா அவர் பக்கமே திரும்பியிருந்ததைக் கவனிக்காமல் எடுத்திருக்கிறார். இரண்டு நிமிடமும் அவர் முகம் மட்டும்தான். முதலில் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் அவள் வந்துவிட்டது அந்த முகத்தில் தெரிகிறது. உதடு கோணுகிறது, கண்ணீர் மீசை வரை வருகிறது, துடைத்தால் போன் ஆடும் என்று துடைக்காமல் நிற்கிறார்.

“ரீடேக் எடுக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

“சும்மா இருங்க சார். மொதல்ல அத அழிங்க,” என்றார்.

பட்டியலில் எழுதியிருந்த பெயரை அன்றே அடித்துவிட்டேன். போனில் இடம் இல்லாமல் போகும்போதெல்லாம் நான் செத்த வீடியோக்களில் ஒன்றை அழிக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.