இரட்டை ‘ஆச்சு’

உலகில் இதுவரை வந்த தத்துவ நூல்களில் எல்லாம் தலைசிறந்தது, எங்கள் பேராசிரியர் இன்னும் எழுதி முடிக்காத நூல்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. அதன் முதல் வாக்கியத்தை மட்டும் அறுநூற்றுப் பதினான்கு முறை தட்டச்சு செய்தவன் நான். வேறெந்த வாக்கியத்துக்கும் இத்தனை மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

நூலின் பெயர் ‘காலமும் மொழியும் அவற்றுக்கு அப்பாலும்’. தத்துவ ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத அறையில் பேராசிரியர். அறைக்கு வெளியே, ஜன்னலே இல்லாத இடத்தில் நான். என் நியமன ஆணையில் ஒரு வரி உண்டு: ‘மேற்படி நூல் நிறைவுற்றதும் மேற்படியாரின் பணி நிரந்தரம் செய்யப்படும்.’ அதைப் படித்து மனம் நிறைந்த என் தாய்மாமா, தம் பங்குக்கு ஓர் ஆணை பிறப்பித்தார்.

“வேலை நிரந்தரமாகட்டும் மாப்ளே. மறுநாளே கல்யாணம்.”

மணப்பெண் அவருடைய மகள். எனக்குச் சம்மதம். அவளுக்கும் சம்மதம். நூலுக்குத்தான் சம்மதமில்லை. இது நடந்து பதினோரு வருடமாகிறது.

முதல் ஆறு வருடங்கள் ‘காலம் என்பது’ என்ற இரண்டு சொற்களில் கழிந்தன. இரண்டாம் பக்கத்துக்கு நான் ஆசையாக எண் போட்டிருந்த நாளில்தான் பேராசிரியருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“காலம் என்பது-ன்னா, யாரோ காலம்னு சொல்றாங்கன்னு அர்த்தம். யாரு தம்பி சொல்றது?”

“நீங்கதான் ஐயா சொல்றீங்க.”

“நான் எப்ப சொன்னேன்?”

“காலையில ஒம்பது மணிக்கு.”

“பாத்தியா! காலம் இருக்கான்னு விசாரிக்கிற இடத்துல காலத்தையே சாட்சிக்குக் கூப்பிடுறே. அழிச்சுடு.”

அழித்தேன். சேர்ந்தபோதும் நான் ‘தம்பி’, தலை நரைத்த பிறகும் ‘தம்பி’. காலம் இல்லை என்பதற்கு அவர் இதையே ஒரு சான்றாகக் காட்டுவதுண்டு.

ஏழாம் வருடம் அந்த மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அதில் எனக்கும் பங்குண்டு. கதவைத் தட்டியது நான்தான்.

“ஐயா, முதல் அத்தியாயம் என்ன ஆச்சு?”

“ஆச்சு, ஆச்சு.”

சொன்னவர் அப்படியே சிலையாகிவிட்டார். “தம்பி, இப்ப நான் என்ன சொன்னேன்?”

“ஆச்சு ஆச்சுன்னு.”

“ஆச்சா?”

“ஆகலைங்களே.”

“அதேதான்!” என்று நாற்காலியிலிருந்து துள்ளினார். “ஒரு தடவை சொன்னா ஆச்சு. ரெண்டு தடவை சொன்னா ஆகலை! இறந்தகாலத்தை இறந்தகாலத்தால பெருக்கினா எதிர்காலம் வருது தம்பி!”

இலக்கணக்காரர்கள் அடுக்குத்தொடரில் விரைவைக் கண்டார்கள்; அச்சத்தைக் கண்டார்கள்; மகிழ்ச்சியைக் கண்டார்கள். டிமிக்கியைக் கண்டவர் எங்கள் பேராசிரியர் ஒருவரே.

பிறகு நான்கு வருடம் ‘களப்பணி’. தையற்கடைக்குப் போய்ச் சட்டை என்ன ஆச்சு என்று கேட்டோம். “தைச்சாச்சு தைச்சாச்சு” என்றார் தையல்காரர். சட்டை மடிப்புக் கலையாத துணியாக எதிரிலேயே இருந்தது. மையத்தில் குழாய் உடைந்தபோது பிளம்பருக்குப் போன் செய்தோம். “வந்துட்டேன் வந்துட்டேன்” என்றார். மூன்று நாள் காத்திருந்து குறித்துக்கொண்டோம். அந்த மூன்று நாளும் இரண்டாம் மாடித் தண்ணீர் முதல் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. அது ஒன்றுதான் சொல்லாமலே வந்தது. இப்படி நானூற்றுப் பதினேழு எடுத்துக்காட்டுகள் அட்டைகளில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பிரதியெடுக்க மாமன் மகள்தான் உதவினாள். வேறு எங்கே நாங்கள் சந்திப்பது? நானூற்றுப் பதினெட்டாவது அட்டை, “வேலை என்ன ஆச்சு மாப்ளே?” என்று மாமா கேட்டதற்கு நான் சொன்ன பதில்.

அட்டைகள் பெருகப் பெருக, பேராசிரியரின் துணிச்சலும் பெருகியது. முடிந்த காரியம் என்று ஒன்றுகூட மொழியில் அகப்படவில்லை. ஆகவே இறந்தகாலம் கிடையாது. இறந்தகாலமே இல்லாத இடத்தில் காலத்துக்கு என்ன வேலை? காலமும் கிடையாது!

போன மாதம் ‘மதிப்பீட்டுக் குழு’ வந்தது. குழுத் தலைவி கறாரானவர்.

“புத்தகம் ஆச்சா?”

“ஆச்சு, ஆச்சு.”

“எங்க, காட்டுங்க.”

நல்லவேளை, உறுப்பினர் ஒருவரின் கைபேசி ஒலித்தது. “கிளம்பிட்டேன் கிளம்பிட்டேன், வழியிலதான் இருக்கேன்” என்றார் அவர், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்தபடி. பேராசிரியர் ஓர் அட்டையை எடுத்துக் குறித்துக்கொண்டு, அதை அவரிடமே நீட்டினார். குழு எழுந்து நின்று கைதட்டியது. தலைவி மட்டும் எழவில்லை.

“முப்பது நாள். அதுக்குள்ள புத்தகம் என் மேசை மேல இருக்கணும். இல்லேன்னா மையத்தை மூட வேண்டியதுதான்.”

மாலையில் மாமன் மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்கப்பாவும் அதே முப்பது நாள்தான் குடுத்திருக்கார் அத்தான். வேற ஒரு வரன் வந்திருக்கு. நிரந்தர வேலை.”

“என்ன வேலை?”

“பஸ் டெப்போல டைம்கீப்பர்.”

காலமே இல்லை என்று நிறுவியவர், முப்பது நாள் கெடு என்றதும் ஆடிப்போனார். எழுதினார் ஐயா, எழுதினார்! அவர் எழுத எழுத நான் அடித்தேன். விரல்கள் வீங்கின. முப்பதாம் நாள் மதியம் முந்நூறு பக்கம் தயார். முடிவுரையில் ஒரே ஒரு பக்கம் பாக்கி. மாலைக்குள் நூல், நாளை நிரந்தரம், மறுநாள் கல்யாணம் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தபோது மாமன் மகள் வந்து நின்றாள்.

“அத்தான், எனக்குக் கல்யாணம் ஆச்சு.”

“எப்ப?”

“நேத்து.”

“கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்துச்சே!”

“அந்த டைம்கீப்பர் போன் பண்ணி வந்துட்டேன்னார். ஒரே ஒரு தடவை. கதவைத் திறந்தா, நிஜமாவே நிக்கிறார்! பதிவு ஆபீஸுக்கும் நேரம் வாங்கிட்டு வந்திருக்கார். பதினோரு வருஷமா ரெண்டு ரெண்டு தடவை கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு அத்தான். நானே சரின்னுட்டேன்.”

பதினோரு வருடத் தத்துவப் பயிற்சி வீண் போகுமா? கடைசி நம்பிக்கையைப் பற்றிக்கொண்டேன்.

“இன்னொரு தடவை சொல்லேன்.”

“எதை?”

“ஆச்சுன்னியே, அதை. சும்மா, ஒரே ஒரு தடவை.”

அட்டைகளைப் பிரதியெடுத்தவள் ஆயிற்றே.

“மாட்டேன். ரெண்டாவது தடவை சொன்னா ஆகலைன்னு ஆயிடும்.”

பேராசிரியரின் அறைக் கதவு திறந்தது. அவர் கண்களில் நீர். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

“கேட்டியா தம்பி? ஒத்தை ஆச்சு! கலப்படமே இல்லாத இறந்தகாலம்!” முந்நூறு பக்கத்தையும் என் கையிலிருந்து வாங்கி, நெடுக்காகக் கிழித்தார். “இருக்கு தம்பி, இறந்தகாலம் இருக்கு! முதல்லேருந்து ஆரம்பிக்கணும்!” பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். “தத்துவ உலகம் உனக்குக் கடமைப்பட்டிருக்கும்மா. நல்லா இரு.”

தாம் கட்டிய கோட்டையைத் தாமே இடித்த இந்த ‘அறிவு நேர்மை’யைக் கேள்விப்பட்டுக் குழு சிலிர்த்துப்போனது. இம்முறை தலைவியும் எழுந்து நின்றார். மேலும் பத்து வருட அவகாசம் ஏகமனதாக வழங்கப்பட்டது. என் ஆணையும் ஒரு புள்ளிகூட மாறாமல் புதுப்பிக்கப்பட்டது.

புதிய நூலில் இதுவரை ஓர் அடிக்குறிப்பு நிறைவுற்றிருக்கிறது: ‘“எனக்குக் கல்யாணம் ஆச்சு” (தட்டச்சரின் மாமன் மகள், தட்டச்சரிடம் கூறியது).’ நான்தான் அடித்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று பேராசிரியர் பாராட்டினார்.

காலம் இல்லை என்று நிரூபிக்க அந்த மேதைக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று நாளை யாராவது கேட்கக்கூடும். பதினொன்று. அதில் ஒரு நாள்கூட அவருடையது அல்ல.