மூடுபனியின் நெஞ்சில் ஒரு கால்

உடம்பு நோகாமல் செய்யக்கூடிய வேலைகளில் முதலிடம், அடுத்தவன் போடும் குஸ்தியைக் குறை சொல்வதற்கு. அதில் நான் ஒரு காலத்தில் பெரிய ஆள். என் வாழ்நாளில் நான் தூக்கிய அதிகபட்ச எடை ஒரு பூண்டு மூட்டை. அதையும் என் கால் மேலேயே போட்டுக்கொண்டேன். ஆனாலும் கொடைக்கானலில் 'மேல்மலை மல்லர் மன்றம்' நடத்திய ஒவ்வொரு சண்டையைப் பற்றியும் என்னிடம் கருத்து இருந்தது. (கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.)

மன்றத்தை நடத்தியவர் ரசாக் பாய். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். டிவியில் குஸ்தி பார்த்தே வளர்ந்த மனிதர். கேரட் கழுவும் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நடுவில் மேடை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை நடத்தினார். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வார்களே, அந்த வகைச் சண்டை. அது எங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி விசில் அடிப்பதுதான் ரசிகனுக்கு அழகு.

நாயகன் 'மலையரசன்'. நிஜத்தில் பூம்பாறையில் பூண்டு விவசாயம் பார்க்கும் கதிரேசன். வில்லன் 'மூடுபனி'. நிஜத்தில் ஓட்டலில் பரோட்டா போடும் பால்ராஜ். மூடுபனியின் முகமூடி, பாய் கடையில் விலை போகாமல் கிடந்த சாம்பல் நிறக் குரங்குக் குல்லா. அதை முன்பின்னாக மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அதே நிறத்தில் ஸ்வெட்டர். உள்ளே இருப்பவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அந்த வருஷம் மன்றத்துக்கு எதுவும் விளங்கவில்லை. சாம்பியனாக இருந்தவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. பெல்ட்டைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டார். பூண்டு எடுக்கும் காலத்தில் மல்லர்கள் எல்லோரும் வயலில் இருந்ததால், சண்டை போட ஆளில்லாமல் பாயே மேடையேறி ஸ்வெட்டரைப் பற்றிப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் காட்டுமாடு ஒன்று புகுந்தது. மேடையில் இருந்தவர்கள் வெளியே ஓட, அது கயிற்றருகே நின்று நிதானமாக எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அந்த வருஷத்தில் அதிகக் கைதட்டல் வாங்கியது அதுதான்.

கார்த்திகை பிறந்ததும் பாய் ரசிகர்களைக் கொட்டகைக்கே கூப்பிட்டார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இந்த வருசம் எப்படிப் போச்சுன்னு நீங்களே சொல்லுங்கப்பா. மனசுல பட்டதச் சொல்லுங்க. புடிக்கலேன்னா பொங்கலோட கொட்டாயத் திருப்பிக் குடுத்துர்றேன்."

முதலில் எழுந்தவர் மாரியப்பன். ஒவ்வொரு சண்டைக்கும் வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மலையேறி வரும் ரசிகர்.

"மூச்சு வாங்க ஏறி வாரேன் பாய். வந்து பாத்தா ஒரே பனி. மேடையும் தெரியல, ஆளும் தெரியல. பக்கத்துல உள்ளவன் கையத் தட்டுனா நானும் தட்டிட்டு எறங்கிப் போறேன்."

அடுத்து சேவியர். வார நாட்களில் டாக்ஸி ஓட்டுவான், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நடுவர். "டூரிஸ்ட் வராங்க பாய். டென் மினிட்ஸ் பாக்குறாங்க. டாய்லெட் எங்கன்னு கேக்குறாங்க. அப்டியே லேக் பாக்கப் போயிர்றாங்க. நான் ஒன், டூன்னு எண்ணும்போது பாதி சேர் காலி."

பிறகு நான் எழுந்தேன். (எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். கெட்ட நேரம், கால் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.)

"பனியும் இல்ல, டூரிஸ்ட்டும் இல்ல பாய். நம்ம ஆளுங்ககிட்ட வெறி இல்ல. கதிரேசன் அடிக்கிறதுக்கு முன்னாடி, 'அண்ணே, வரட்டுமா'ன்னு கேக்குறான். விழுந்தவனக் கை குடுத்துத் தூக்கி விடுறான். போன வாரம் மூடுபனிக்கு இருமல் வந்ததும் வெந்நீர் குடுத்தான். மேடையில எதுக்குங்க மரியாதை? கல்யாண வீடா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். கதிரேசன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. நிஜமாகவே மூடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போவேன்? எனக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

பாய் யோசித்தார். "அப்ப கடைசி சண்டைய நீங்களே எழுதுங்க தம்பி. கடைசி வரைக்கும் ஒரு ஆளும் எந்திரிச்சுப் போகலேன்னா அடுத்த வருசமும் நடத்துவோம். போயிட்டாங்கன்னா, கொட்டாய் கேரட்டுக்கு."

எழுதினேன். மூடுபனி மலையரசனின் கன்னத்தில் அறைய வேண்டும், தலையில் குட்ட வேண்டும், கொட்டகை முழுக்கத் துரத்த வேண்டும். முடிவில் மலையரசன் பொங்கி எழுந்து, மூடுபனியைக் கீழே தள்ளி, நெஞ்சில் காலை வைத்து மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தவன் எழுவதற்குள் சேவியர் மேடையைத் தட்டி மூன்று எண்ண வேண்டும், எண்ணி முடித்தால் ஆட்டம் முடிந்தது. படித்துவிட்டு நானே எனக்குக் கைதட்டினேன்.

ஒத்திகைக்கு முன்பே இடி விழுந்தது. பால்ராஜ் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டான். "சாமி சரணம். யார் மேலயும் கைநீட்டக் கூடாது சாமி" என்று என்னையும் கும்பிட்டான். வேறு மூடுபனி தேடி அலைந்து, மன்னவனூரில் லாரிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். பெயர் சின்னையா. இரண்டு மூட்டைகளை இரண்டு தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் நின்று பேசினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேல்மலையில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி, எந்த ஊர், யார் வீடு, பெண் கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே என்பதுதான். இரண்டு டீ குடிப்பதற்குள் அவர் நமக்கு மாமனா பங்காளியா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலைப் பேச்சு. நானோ அன்றைக்கு எழுத்தாளன். ஊர் உறவு விசாரிப்பதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்து, நேராகத் தோள் அகலத்தை மட்டும் பார்த்தேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "மலையரசனா நடிக்கிற பயலுக்கு இதுல சம்மதந்தானா?"

"முழுச் சம்மதங்க" என்றேன். கதிரேசனிடம் எழுதியதைக் கொடுத்தேனே தவிர, சம்மதமா என்று நான் வாயே திறக்கவில்லை. இருவரும் முன்கூட்டியே சந்தித்தால் மறுபடி மரியாதை முளைத்துவிடும் என்று, சண்டை வரை ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பார்த்துக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

கடைசி சண்டைக்குக் கொட்டகை நிரம்பிவிட்டது. வருஷம் முழுக்க மறைத்த பனி அன்றைக்குப் பார்த்து விலகியிருந்தது. முன்வரிசையில் கதிரேசனின் அம்மா அங்கம்மாள், மகன் சண்டையை முதல்தடவையாகப் பார்க்கக் குடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் மைக் பிடித்து வர்ணனை செய்தேன்.

எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது. சின்னையா அறைந்த அறையில் கதிரேசனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பாருங்கள், மலையரசனின் கண்களில் தீ!" என்று நான் கத்தினேன். டூரிஸ்ட் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கதிரேசன் மூடுபனியைத் தூக்கிக் கீழே போட்டான். நெஞ்சில் காலை வைத்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்றம் பிழைத்தது, அதுவும் என்னால்!

அப்போது குல்லாவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே கதிரு, மொள்ளமா மிதிலே. விலா எலும்பு வலி கெடக்கு."

கதிரேசனின் கால் அந்தரத்தில் நின்றது. "மாமா?" என்றான். குல்லாவைக் கழற்றிப் பார்த்தான். அடுத்த நொடி நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

சின்னையா அவனுடைய சொந்தத் தாய்மாமன். தை மாதம் கதிரேசன் கட்டிக்கொள்ளப் போவது அவர் மகளை.

அங்கம்மாள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேடைக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. குடை மகன் முதுகில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

"எந்தம்பி நெஞ்சுலயா கால வைக்கிற? பொண்ணு எடுக்கப் போற வீட்டு ஆளுடா! ஊர் உலகம் பாக்க மிதிச்சியே, இனி அந்த வீட்டு வாசல்ல எப்படிலே நான் போய் நிப்பேன்?"

கதிரேசன் அழுதான். "தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நெஞ்சுல மிதின்னு எழுதிக் குடுத்தாக."

"எவன் எழுதுனது?"

கதிரேசன் கை காட்டினான். சின்னையா கை காட்டினார். நடுவர் சேவியரும் கை காட்டினான். (நண்பன்.) மைக்கில் நான், "ரசிகப் பெருமக்களே, ஒரு சிறிய இடைவேளை" என்று சொல்லி முடிப்பதற்குள், சின்னையா என்னை உருளைக்கிழங்கு மூட்டையாக நினைத்துத் தூக்கி மேடையில் போட்டார். "பயலுக்குச் சம்மதம்னு சொன்னீல்ல?" என்று மட்டும் கேட்டார். அங்கம்மாள் வந்து என் நெஞ்சில் காலை வைத்தார்.

"இப்ப எப்படி இருக்கு?"

சேவியர் பழக்கதோஷத்தில் குப்புற விழுந்து மேடையைத் தட்டினான். ஒன். டூ. த்ரீ. யாரோ மணியும் அடித்துவிட்டார்கள். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தது. மாரியப்பன் வருஷத்திலேயே முதல் தடவையாகப் பக்கத்து ஆளைப் பார்க்காமல் கைதட்டினார். ஒரு ஆள்கூட வெளியே போகவில்லை. சின்னையாதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் அக்காவும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது, ஆனால் காலை மட்டும் எடுக்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. திருப்பூரிலிருந்து பெல்ட்டும் வந்து சேர்ந்தது. ரசாக் பாய் அதைக் கல்யாண மேடையிலேயே அங்கம்மாளின் இடுப்பில் கட்டினார். இன்றுவரை அவரிடமிருந்து அதை யாரும் ஜெயிக்கவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

மன்றம் இன்னும் நடக்கிறது. புதிதாக மல்லன் யார் வந்தாலும் பாய் எடையும் கேட்பதில்லை, உயரமும் கேட்பதில்லை. "அம்மா பொறந்த வீடு எது தம்பி?" என்றுதான் ஆரம்பிக்கிறார். வருஷக் கடைசியில் ரசிகர் கூட்டமும் நடக்கிறது. நானும் போகிறேன். டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. சாம்பாரைப் பற்றியோ, மகளின் மார்க்கைப் பற்றியோ, "என்னைக் கேட்டால்..." என்று நான் தொடங்கினால் போதும், என் மனைவி தரையைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிடுவாள். இரண்டுக்கு மேல் எண்ண வேண்டிய தேவை அவளுக்கு இதுவரை வந்ததில்லை.