துரை வீட்டுக் கடிகாரத்துக்குப் புளி

சுத்தக்காரி என்று பெயரெடுத்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறவர் போன பிறவியில் ஏதோ செய்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் என்ன செய்தாரோ, என்னைக் கட்டிக்கொண்டார்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. பெரிய கிராணி வேலை காலியாகி, தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் துரையின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து துரையின் மேட்டுப் பங்களா ஜன்னலில் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். துரை தன் பாட்டன் காலத்துக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி, முள்வேலிக்குள் இருந்த எங்கள் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளைப் பளிங்குப் பீடம். அதன்மேல் தங்க முலாம் பூசிய வெண்கலத்தில் ஒரு பெண், கடிகாரத்தில் முழங்கையை ஊன்றிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். (மேலாடை கொஞ்சம் சிக்கனம். ஆனாலும் கையில் புத்தகம் இருக்கிறதே, சரஸ்வதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.) முலாம் என்ற ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தது. குத்துவிளக்கோடு அவளையும் உட்கார வைத்து, புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். மஞ்சளாக ஏதோ வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். புளித்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் பளிங்கு சொரசொரத்துப் போனது. கடைசியில் நெற்றியில் குங்குமமும் வைத்தேன்.

அவர் சாப்பிட வந்தார்.

"என்னா செஞ்ச நீ?"

"வெளக்குனேங்க. எவ்ளோ அழுக்கு தெரியுமா?"

"அது அழுக்கு இல்லலா. தங்கம்."

அவர் சாப்பிடவில்லை. அவர் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்தபோது செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு துரையே வந்துவிட்டார். (தோட்டத்துத் தமிழ் அவருக்கு அத்துப்படி. மரியாதையை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.) கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு தேச்சது?"

"நான்தாங்க தொரை" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். கூடவே அழுகையும் வந்தது.

துரை நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நடுங்கினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிராணி, பெரிய கிராணி நீதான். நேத்தே எழுதி அனுப்பிட்டேன். இத முன்னாடி பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டேன். இனிமே ஆபீஸ் சாமான் ஒன்னும் ஊட்டுக்குக் கொண்டு போவாத."

என் வீட்டுக்காரர் ஓய்வு பெறும்வரை ஒரு பென்சில்கூட வீட்டுக்கு வரவில்லை.

போன மாதம், இப்போது நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில், என் மகன் புதுக் கார் எடுத்தான். எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். மருமகள் மட்டும் அடுப்படிக்கு ஓடி, புளி டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டு வந்தாள். (எனக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.)